டென்மார்க்கின் சர்ரியலிசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்ரியலிசம், அதாவது கனவையும் நனவிலி மனத்தையும் கலையாக்கிய இயக்கம், என்றதும் நமக்கு உருகி வழியும் கடிகாரமும் டாலியின் மீசையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் மக்ரித், மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்று அடுக்குவார்கள். கோபன்ஹேகனில் ஓவியங்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனதும், லண்டன் சுங்கத்துறை ஒரு டேனிஷ் ஓவியரின் படைப்புகளைத் திருப்பி அனுப்பியதும், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒரு குழு இங்கே முளைவிட்டதும் பலருக்குத் தெரியாது. நண்பர்களும் வாசகர்களும் அவ்வப்போது கேட்ட கேள்விகளை இங்கே ஒன்று சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரு பத்தியோடு சரி.

டென்மார்க்கில் சர்ரியலிசம் என்று தனியாக ஒன்று இருந்ததா, பாரிஸின் கிளைதானா?

இரண்டும்தான். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924-ல் முதல் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டபோது கோபன்ஹேகனில் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1930-களில் டேனிஷ் இளைஞர்கள் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் போய் வந்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. அந்த அளவில் அது இறக்குமதிதான்.

ஆனால் வந்த சரக்கை அவர்கள் அப்படியே பயன்படுத்தவில்லை. அன்றைய பாரிஸில் அரூப ஓவியர்கள் ஒரு பக்கம், கனவைத் தீட்டுபவர்கள் இன்னொரு பக்கம் என்று வேலி இருந்தது. அரூப ஓவியர்களுக்கென்று அங்கே தனிச் சங்கங்களே இருந்தன. டேனிஷ்காரர்கள் அந்த வேலியை மதிக்கவே இல்லை. அரூப ஓவியர் காண்டின்ஸ்கியிடம் வடிவத்தையும் பிரெத்தோனிடம் நனவிலியையும் கற்றுக்கொண்டு இரண்டையும் ஒரே சுவரில் மாட்டினார்கள். டேனிஷ் சர்ரியலிசத்தின் தனித்தன்மை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

யார் தொடங்கி வைத்தது?

முதல் கல்லை எறிந்தவர் வில்ஹெல்ம் ஃப்ரெடி. 1909-ல் பிறந்தவர், இயற்பெயர் ஃப்ரெடெரிக் வில்ஹெல்ம் கார்ல்சன். 1930-ல் கோபன்ஹேகனில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சியில் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ என்ற ஓவியத்தை வைத்தார். டென்மார்க்கில் காட்சிக்கு வந்த முதல் சர்ரியலிச ஓவியம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் வழக்கமாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அப்போது அவருக்கு 21 வயது. தனியாள், பின்னால் குழுவும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

குழு 1934-ல் வந்தது. வில்ஹெல்ம் பியர்கே-பீட்டர்சன், எய்லர் பில்லே, ரிச்சர்ட் மோர்டென்சன் மூவரும் சேர்ந்து ‘லினியன்’ என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் ஒரு கண்காட்சிக் குழுவும் தொடங்கினார்கள். லினியன் என்றால் கோடு. மூவருமே இருபதுகளின் நடுவில் இருந்தவர்கள். கையில் காசு கிடையாது, வாய் மட்டும் நீளம். எந்த ஊர்ச் சிறுபத்திரிகைக்கும் இதுதானே மூலதனம்!

பியர்கே-பீட்டர்சன் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். பெயரே கேள்விப்பட்டதில்லை.

கேள்விப்படாதது உங்கள் தவறில்லை. ஓவியராக அவர் முதல் வரிசைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. எல்லாருக்கும் கடிதம் எழுதி, ஆளைப் பிடித்து, அச்சகத்துக்கு ஓடி, கண்காட்சி போட்ட மனிதர் அவர்தான்.

அவருடைய அப்பா கலை வரலாற்றாசிரியர். கோபன்ஹேகனின் ஹிர்ஷ்ஸ்ப்ரூங் ஓவியச் சேகரிப்பின் இயக்குநராக இருந்தவர். மகன் ஜெர்மனியின் டெசாவ் நகருக்குப் போய் 1930-31-ல் பவுஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் காண்டின்ஸ்கியிடமும் பவுல் கிளேயிடமும் படித்தார். திரும்பி வந்து 1933-ல் அரூபக் கலையில் குறியீடுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருடமே ‘சர்ரியலிசம்’ என்ற தலைப்பில் இன்னொன்று. இரண்டு புத்தகத்துக்கும் நடுவே ஆள் ஏறக்குறைய கட்சி மாறியிருந்தார்.

அதில்தான் லினியனில் சண்டை. பில்லேயும் மோர்டென்சனும் நனவிலி மனத்தை நம்பினார்கள். ஆனால் அதைக் கனவுக் காட்சிகளாக, நுணுக்கமான விளக்கப் படங்களைப் போலத் தீட்டுவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. கை தன்போக்கில் ஓட வேண்டும், வடிவங்கள் தாமாகப் பிறக்க வேண்டும் என்றார்கள். பியர்கே-பீட்டர்சனோ பாரிஸ் பக்கம் சாய்ந்துகொண்டே போனார். 1934 முடிவதற்குள் பிரிந்துவிட்டார்கள்.

இந்தப் பிளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளை ஃப்ரெடி, பியர்கே-பீட்டர்சன், ரீட்டா கெர்ன்-லார்சன் வழியாகப் பிரெத்தோனின் வட்டத்துக்குப் போகிறது. இன்னொரு கிளை பில்லே, மோர்டென்சன் வழியாகப் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் கோப்ரா குழுவில் போய் முடிகிறது. தொடக்கத்தில் சொன்ன உலகப் புகழ் பெற்ற குழு அதுதான்.

1935 கண்காட்சியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?

ஜனவரி 1935. இடம் கோபன்ஹேகனின் ‘தென் ஃப்ரீ’ கண்காட்சிக் கூடம். அது ஓவியர் வில்லும்சன் 1898-ல் வடிவமைத்த மரக் கட்டடம். ஓஸ்டர்போர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் நிற்கிறது. கண்காட்சியின் பெயர் ‘கியூபிசம்=சர்ரியலிசம்’. ஆமாம், நடுவில் சமக்குறி போட்டே எழுதினார்கள்.

பாரிஸில் இந்தச் சமக்குறியைப் போட்டிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். கியூபிசம் வடிவத்தைப் பற்றிய ஆராய்ச்சி, சர்ரியலிசம் மனத்தைப் பற்றியது. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்பார்கள். பியர்கே-பீட்டர்சனைப் பொறுத்தவரை இரண்டும் கண்ணால் பார்க்கும் உலகத்தை நகலெடுக்க மறுத்தவை. ஆக, ஒரே பாதையின் இரண்டு கட்டங்கள். தர்க்கம் கொஞ்சம் இடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமக்குறியால்தான் பவுல் கிளேயும் ஆர்ப்பும் ஒரு பக்கம், டாலியும் மக்ரித்தும் இன்னொரு பக்கம் என்று ஒரே கூரையின் கீழ் வர முடிந்தது. மாக்ஸ் எர்ன்ஸ்ட், மீரோ, தாங்கி, ஜாக்கொமெட்டி, மெரெட் ஓப்பன்ஹைம் ஆகியோரின் படைப்புகளும் இருந்தன. ஸ்வீடனிலிருந்து ஹால்ம்ஸ்டாட் குழுவினர் வந்தார்கள். உள்ளூரிலிருந்து ஃப்ரெடி, ரீட்டா, எல்சா தோரெசன்.

கண்காட்சிக் கையேட்டுக்கு முன்னுரை எழுதியவர் பிரெத்தோனேதான். அதே ஆண்டு மே மாதம் கேனரித் தீவுகளின் டெனெரிஃபில் இன்னொரு சர்ரியலிசக் கண்காட்சி நடந்தது. பிரெத்தோனின் எழுத்துகளில் அந்த முன்னுரை ‘கோபன்ஹேகன், டெனெரிஃப் சர்ரியலிசக் கண்காட்சிகளுக்கு முன்னுரை’ என்ற பெயரில்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் வடகோடிக்கும் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவுக்கும் ஒரே முன்னுரை! இயக்கம் எந்த வேகத்தில் பரவிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பாரிஸுக்கு வெளியே நடந்த முதல் கண்காட்சி இதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, பிராக் நகரில் 1932-லேயே சர்ரியலிஸ்டுகளின் படைப்புகளைச் சேர்த்துப் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. ஆனால் 1936-ன் புகழ்பெற்ற லண்டன் கண்காட்சிக்குக் கோபன்ஹேகன் ஒன்றரை வருடம் முந்திக்கொண்டது.

பாரிஸோடு தொடர்பு அந்தக் கண்காட்சியோடு முடிந்ததா?

இல்லை. கண்காட்சியின் சூடு ஆறுவதற்குள் பியர்கே-பீட்டர்சன் ‘கான்க்ரெஷன்’ என்று புதுப் பத்திரிகை தொடங்கினார். 1935 செப்டம்பர் முதல் 1936 மார்ச் வரை வந்தது. மொத்தம் 6 இதழ். ஸ்காண்டிநேவியா முழுமைக்குமான பத்திரிகை என்பது திட்டம். டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வேஜியன் மொழிகளில் ஒன்று தெரிந்தவர் மற்றவற்றையும் ஓரளவு படித்துவிடலாம் என்பதால் கட்டுரைகளை மொழிபெயர்க்காமல் அப்படியே போட்டார்கள். கடைசியில் வந்த இரட்டை இதழ் பாரிஸ் சர்ரியலிஸ்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதோடு பத்திரிகை நின்றுபோனது.

பிரிந்து போன லினியன்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1937-ல் அவர்கள் நடத்திய கண்காட்சியில் ஆர்ப், சோஃபி டாய்பர்-ஆர்ப், காண்டின்ஸ்கி, கிளே, மீரோ, மோந்திரியான், எர்ன்ஸ்ட், தாங்கி ஆகியோர் இடம்பெற்றார்கள். நேர்கோடும் சதுரமும் தவிர வேறெதையும் தொடாத மோந்திரியானும், கனவுக் கடற்கரைகளைத் தீட்டிய தாங்கியும் ஒரே கண்காட்சியில்! எதிரெதிர் அணியில் நின்றாலும் டேனிஷ்காரர்கள் எல்லாரும் அதே சமக்குறியைத்தான் போட்டார்கள்.

லண்டன் சுங்கத்துறை கதை உண்மையா?

உண்மைதான். 1936 ஜூன் 11 முதல் ஜூலை 4 வரை லண்டனின் நியூ பர்லிங்டன் கேலரியில் சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சி நடந்தது. டாலி நீர்மூழ்கி உடை போட்டுக்கொண்டு பேச வந்து மூச்சுத் திணறினாரே, அதே கண்காட்சி. ஸ்காண்டிநேவியா பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பியர்கே-பீட்டர்சனிடம் இருந்தது. ஃப்ரெடி அனுப்பிய படைப்புகளை, ‘போர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம்’ என்ற ஓவியம் உட்பட, பிரிட்டிஷ் சுங்கத்துறை ஆபாசம் என்று சொல்லிப் பிடித்து வைத்தது. கடைசியில் அவை கண்காட்சிச் சுவரைப் பார்க்காமலேயே டென்மார்க்குக்குத் திரும்பின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பார்வையாளர்களை அதிரவைக்கத்தான் அந்தக் கண்காட்சியே நடந்தது. அதில் உண்மையிலேயே அதிகாரத்தை அதிரவைத்த படங்களுக்கு மட்டும் உள்ளே இடம் கிடைக்கவில்லை. ஃப்ரெடிக்கு இது விளம்பரமாகவும் அமைந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் காத்திருந்தது விளம்பரத்தோடு நிற்கிற விஷயம் இல்லை.

ஃப்ரெடியைச் சிறையில் போட்டார்கள் என்கிறார்களே?

1937-ல் அவர் கோபன்ஹேகனில் ஒரு தனிக் கண்காட்சி வைத்தார். பெயர்: ‘பட்டாம்பூச்சியின் கண்ணிலிருந்து முள்கரண்டியைப் பிடுங்கு’. திறப்பு விழாவிலேயே பார்வையாளர் ஒருவர் அவர் கழுத்தைப் பிடித்தார். பின்னால் போலீஸ் வந்தது, கண்காட்சி மூடப்பட்டது, சில படைப்புகள் பறிமுதல் ஆயின. ஆபாச வழக்கில் ஃப்ரெடிக்குப் பத்து நாள் சிறைத்தண்டனை.

பறிமுதலானவற்றில் பிரபலமானது ‘செக்ஸ்-பாரலிஸ்அப்பீல்’, 1936. தலைப்பே கவர்ச்சியையும் பக்கவாதத்தையும் ஒட்டவைத்த குறும்பு. கடைகளில் தொப்பி மாட்டி வைப்பார்களே, அந்த வகை அழகான பெண் தலையோடு கூடிய மார்பளவு உருவம். அமைதியான, பொம்மைத்தனமான முகம். கன்னத்தில் ஓர் ஆண்குறி வரையப்பட்டிருக்கும். அவ்வளவுதான். ரத்தமில்லை, வன்முறையில்லை. சும்மா அழகாக நிற்கும் பொம்மைக்கு உள்ளே என்ன விற்பனை நடக்கிறது என்பதை முகத்திலேயே எழுதிவிட்டார். கடை ஜன்னல் எதைச் சொல்லாமல் சொல்கிறதோ அதை ஃப்ரெடி சொல்லிச் சொன்னார். ஆபாசம் எது என்று நீதிபதிக்குக் குழப்பமே வரவில்லை. எனக்கு இன்றும் வருகிறது.

பறிமுதலான படைப்புகள் போனது எங்கே என்று நினைக்கிறீர்கள்? போலீசின் குற்றவியல் அருங்காட்சியகத்துக்கு! கொலைக் கருவிகளும் கள்ளச் சாவிகளும் இருக்கும் இடத்தில் ஓவியமும் சிற்பமும் சாட்சிப் பொருளாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கிடந்தன.

ஃப்ரெடி விடுகிற ஆளில்லை. 1961-ல் அதே படைப்பை மறுபடியும் செய்து காட்சிக்கு வைத்தார். போலீஸ் அதையும் எடுத்துக்கொண்டு போனது. மறுபடியும் வழக்கு. ஆனால் காலம் மாறியிருந்தது. 1963-ல் படைப்புகள் விடுவிக்கப்பட்டன. அடுத்த ஆறே வருடத்தில், 1969-ல், படங்கள் மீதான ஆபாசத் தடையை உலகிலேயே முதலில் நீக்கிய நாடு டென்மார்க்தான். 1973-ல் அவரை ராயல் டேனிஷ் கலை அகாடமி பேராசிரியராக நியமித்தது. சிறைக்கும் பேராசிரியர் நாற்காலிக்கும் நடுவே இருந்தது ஓர் ஆயுளின் பாதிதான்.

நாஜிகள் வந்தபோது இவர்கள் என்ன ஆனார்கள்?

1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மனி டென்மார்க்கை ஆக்கிரமித்தது. அதற்கு முன்பே ஃப்ரெடி ‘நாஜி எதிர்ப்புக் காதல் பற்றிய தியானம்’ போன்ற தலைப்புகளில் வரைந்து தன் பெயரைக் கெடுத்து வைத்திருந்தார். 1944-ல் ஸ்வீடனுக்குத் தப்பினார், 1950-ல்தான் திரும்பினார். பியர்கே-பீட்டர்சனும் எல்சா தோரெசனும் அதே 1944-ல் ஸ்வீடனுக்குப் போனார்கள்.

கவிஞரும் ஓவியருமான குஸ்தாவ் மூங்க்-பீட்டர்சன் அந்த ஆக்கிரமிப்பைப் பார்க்கவே இல்லை. லினியன் வட்டத்தைச் சேர்ந்த அவர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு எதிராகச் சர்வதேசப் படையில் சேர்ந்து 1938-ல் களத்தில் இறந்தார். வயது 26. சர்ரியலிஸ்டுகளில் புரட்சி என்று எழுதியவர்கள் ஏராளம். துப்பாக்கியோடு போனவர்கள் சிலரே.

பெண் ஓவியர்கள் யாராவது?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் டேனிஷ் சர்ரியலிசத்தின் ஆகச் சிறந்த ஓவியர் ஒரு பெண் என்பது என் கட்சி.

ரீட்டா கெர்ன்-லார்சன், 1904-ல் பிறந்தவர். பாரிஸில் பெர்னான் லேஜேயிடம் படித்தவர். லேஜேயின் மாணவர்கள் பெரும்பாலும் எந்திரம்போல் துல்லியமான, கனமான உருவங்களை வரைவார்கள். ரீட்டாவிடம் அந்தத் தெளிவான விளிம்பு தங்கிவிட்டது, கனம் போய்விட்டது. 1934-லிருந்து அவர் தீட்டியவற்றில் கோடு நீர்க்கொடி போல வளைந்து போகும். அதுவே ஒரு இடத்தில் கூந்தல், ஒரு இடத்தில் கிளை.

அவருக்குப் பிடித்த உருவம் மரப்பெண். ஆண் சர்ரியலிஸ்டுகளும் பெண்ணை மரமாக, பூவாக, மிருகமாக நிறையத் தீட்டியிருக்கிறார்கள்தான். அங்கே பெண் என்பவள் ஆணின் கனவில் வருபவள். அவளுக்கென்று கனவு கிடையாது. ரீட்டாவின் மரப்பெண்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. 1937-ல் வரைந்த சுயஓவியத்துக்கு ‘உன்னை அறிந்துகொள்’ என்று பெயர் வைத்தார். தலைமுடி சீவி அலங்கரித்த முகம் அங்கே இல்லை. முகம் என்று நாம் தேடுகிற இடத்தில் இலையும் கொடியுமான வடிவங்கள் இருக்கின்றன. 1940-ல் வரைந்த ஒரு ஓவியத்தின் பெயர் ‘பெண்களின் கலகம்’. மரங்களே கலகம் செய்யக் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அதைப் பாருங்கள்.

சர்வதேச இயக்கத்தோடு அதிக நெருக்கம் இருந்த டேனிஷ்காரர்களில் அவரும் ஒருவர். 1935 கோபன்ஹேகன், 1936 லண்டன், 1938 பாரிஸ் என்று முக்கியமான கண்காட்சிகள் எல்லாவற்றிலும் இருந்தார். 1937-ல் பாரிஸில் அமெரிக்க ஓவியச் சேகரிப்பாளர் பெகி குகென்ஹைமைச் சந்தித்தார். பெகி அடுத்த வருடம் லண்டனில் ‘குகென்ஹைம் ஜ்யன்’ (Guggenheim Jeune) என்ற கேலரியைத் திறந்து, மே-ஜூன் 1938-ல் ரீட்டாவுக்குத் தனிக் கண்காட்சி கொடுத்தார். அந்த வயதில், அந்தக் காலத்தில், ஒரு டேனிஷ் பெண்ணுக்கு அது சாதாரண விஷயமா?

அவருடைய கணவர் ஐசக் க்ரூன்பர்க் யூதர். போர் மூண்டதும் லண்டனிலேயே தங்கிவிட்டார்கள். போருக்குப் பிறகு பிரான்சின் தென்பகுதிக்குப் போனார்கள். அங்கே ரீட்டா சர்ரியலிசத்தை விட்டுவிட்டு இயற்கைக் காட்சி பக்கம் திரும்பினார். வரலாறும் அவரை வசதியாக மறந்தது. 1998-ல் இறந்தார். 2017-ல் வெனிஸில் பெகி குகென்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய சர்ரியலிச ஓவியங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்திய பிறகுதான் பலருக்குப் பெயரே தெரிந்தது.

மற்றவர்களில் எல்சா தோரெசன் அமெரிக்காவில் பிறந்த நார்வே வம்சாவளிப் பெண். பியர்கே-பீட்டர்சனை மணந்தவர், பின்னால் பிரிந்து அமெரிக்காவுக்கே திரும்பியவர். சோன்யா ஃபெர்லோவ் சிற்பி. 1935-ல் மரக்கிளைகளைக் கொண்டு ‘உயிருள்ள கிளைகள்’ என்று ஒன்றைச் செய்தார்; ஏற்கெனவே கிளையில் ஒளிந்திருந்த பிராணியை வெளியே கூப்பிட்டது போல இருக்கும். பாரிஸில் ஜாக்கொமெட்டியின் பட்டறைக்குப் பக்கத்தில் வேலை செய்தார். தென்னாப்பிரிக்க ஓவியர் எர்னஸ்ட் மன்கோபாவை ஜெர்மானியர்கள் செயின்ட்-டெனியில் முகாமில் அடைத்திருந்தபோது, 1942-ல், அந்த முகாமிலேயே திருமணம் செய்துகொண்டார்.

கோப்ரா குழுவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். ஆக்கிரமிப்புக் காலத்தில் 1941 முதல் 1944 வரை கோபன்ஹேகனில் ‘ஹெல்ஹெஸ்டன்’ என்ற பத்திரிகை வந்தது. டேனிஷ் நாட்டுப்புறக் கதைகளில் ஹெல்ஹெஸ்டன் என்பது மூன்று கால் குதிரை. அதைப் பார்த்தவர் சாவார் என்பது நம்பிக்கை. ஆக்கிரமித்தவர்கள் காலடியில் இருந்துகொண்டு பத்திரிகைக்கு இந்தப் பெயர்! நடத்தியவர்கள் ஓவியர் அஸ்கர் யோர்னும் கட்டடக் கலைஞர் ராபர்ட் டால்மன் ஓல்சனும். பழைய லினியன் ஆட்களான பில்லே, ஹென்றி ஹேரூப் போன்றவர்கள் இங்கேயும் இருந்தார்கள். நவீன ஓவியத்தோடு பழங்காலக் கல்வெட்டுகள், ஆப்பிரிக்க முகமூடிகள், குழந்தைகள் வரைந்த படங்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்தன.

முதல் வருடமே யோர்ன் அதில் ஒரு கட்டுரை எழுதினார். பொன் முலாம் பூசிய சட்டகத்துக்குள் காட்டு ஏரியும் மானும் இருக்கும் மலிவு ஓவியங்களுக்கு வக்காலத்து வாங்கும் கட்டுரை. பொதுமக்களின் ‘மட்டமான’ ரசனையில்தான் உயிர் இருக்கிறது என்றார். 1959-ல் அதைச் செய்தும் காட்டினார். பழைய சாமான் சந்தையில் வாங்கிய நிலக்காட்சி ஓவியங்களின் மேல் தன் தூரிகையை ஓட்டினார். அப்படி வந்ததுதான் ‘கலவரப்படுத்தும் வாத்துக்குஞ்சு’: அமைதியான கிராமத்துக் குடிலுக்கு முன்னால் பூதாகாரமான வாத்து. 2022-ல் ஒருவர் அந்த ஓவியத்தின் மேல் தன் படத்தை ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். யோர்ன் இருந்திருந்தால் வழக்குப் போட்டிருப்பாரா, சிரித்திருப்பாரா என்று அப்போது பெரிய விவாதம்.

சரி, கோப்ராவுக்கு வருவோம். போர் முடிந்ததும் பெல்ஜியத்துக் கவிஞர் கிறிஸ்தியான் தோத்ரமோன் ‘புரட்சிகர சர்ரியலிசம்’ என்று பிரெத்தோனுக்கு எதிராக ஒரு அணி தொடங்கினார். 1947 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த மாநாட்டுக்கு யோர்ன் போனார். மறு ஆண்டு, 1948 நவம்பர் 8-ல், பாரிஸில் ஒரு காபிக்கடையில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுப் புதுக் குழு ஆரம்பித்தார்கள். கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம்: மூன்று ஊர்ப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கோப்ரா. பாரிஸில் பிறந்த குழுவின் பெயரில் பாரிஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிரெத்தோனோடு யோர்னின் தகராறு சுவாரசியமானது. கோப்ரா பத்திரிகையின் முதல் இதழில் பென்குயின்களுக்கு உரையாற்றுவதாக ஒரு கட்டுரை எழுதினார். மனத்தின் தூய தானியக்கம், அதாவது அறிவின் கட்டுப்பாடு இல்லாமல் மனம் தானாக வெளிப்படுவது, என்று பிரெத்தோன் சொல்கிறாரே, மனம் உடம்பை விட்டுத் தனியாக எங்கே இருக்கிறது? கை, சாயம், தூரிகை, தோள்பட்டை எல்லாம் சேர்ந்துதானே வரைகின்றன? இதுதான் வாதம். 1934-ல் பில்லேயும் மோர்டென்சனும் பியர்கே-பீட்டர்சனிடம் போட்ட சண்டையின் தொடர்ச்சியாகவே எனக்கு இது தெரிகிறது.

குழு 1951-ல் கலைந்தது. யோர்ன் கடைசிவரை அடங்கவில்லை. 1964-ல் குகென்ஹைம் பரிசு அறிவிக்கப்பட்டபோது ‘உன் பணத்தோடு நரகத்துக்குப் போ’ என்று தந்தி அடித்தார்.

சினிமா எடுத்தார்களா?

எடுத்தார்கள். ஃப்ரெடி, ஆவணப்பட இயக்குநர் யோர்கன் ரோஸுடன் சேர்ந்து இரண்டு குறும்படங்கள் செய்தார். ஒன்று ‘முத்தம் கேட்டதற்கு இறுதி மறுப்பு’ (1949), இன்னொன்று ‘தின்னப்பட்ட தொடுவானங்கள்’ (1950). இரண்டும் சில நிமிடங்களே. தலைப்பே பாதிப் படம்.

இவர்கள் டாலியின் நகல்கள்தானே?

ஃப்ரெடியின் 1930-களின் நடுப்பகுதி ஓவியங்களில் டாலியின் சாயல் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. வெறுமையான சமவெளி, நீண்ட நிழல், வழவழப்பான உடல்கள். பியர்கே-பீட்டர்சனிடம் இன்னும் அதிகம். ஆனால் டாலி தன் பயங்களை உலகத்துக்கு விற்றார். ஃப்ரெடி உலகத்தின் பயங்களை அதனிடமே திருப்பிக் கொடுத்தார். போரில் செத்தவர்களைப் பற்றி அவர் வரைந்தவற்றின் முன் நின்றால் நகல் என்ற வார்த்தை வாயில் வராது. ரீட்டாவையும் ஃபெர்லோவையும் டாலியோடு ஒப்பிட எந்தக் காரணமும் இல்லை.

இந்தப் படைப்புகளை எங்கே பார்க்கலாம்? இணையத்தில் கிடைக்குமா?

நேரில் என்றால் முதலில் கோபன்ஹேகனின் தேசியக் கலை அருங்காட்சியகம். 2009-ல் ஃப்ரெடிக்குப் பெரிய கண்காட்சி நடத்தியதும் அவர்கள்தான். யோர்னுக்கு சில்கபோர் நகரில் தனி அருங்காட்சியகம் இருக்கிறது, வாத்துக்குஞ்சும் அங்கேதான். ஹேரூப்புக்கு கோபன்ஹேகனை ஒட்டிய ரோடோவ்ரேயில் ஒன்று உண்டு. ரீட்டாவின் ‘உன்னை அறிந்துகொள்’ வெனிஸில் பெகி குகென்ஹைம் சேகரிப்பில் இருக்கிறது.

இணையத்தில் ஒரு சிக்கல். கோபன்ஹேகன் அருங்காட்சியகம் பழைய ஓவியங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்க விடுகிறது. ஆனால் டென்மார்க்கில் காப்புரிமை, படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். ஃப்ரெடி இறந்தது 1995-ல். ஆக 2065 முடியும்வரை காத்திருக்க வேண்டும். ரீட்டாவுக்கு 2068. பியர்கே-பீட்டர்சன் 1957-ல் இறந்தவர் என்பதால் 2028 தொடக்கத்தில் அவருடையவை பொதுவுடைமைக்கு வந்துவிடும். மூங்க்-பீட்டர்சனுடையவை ஏற்கெனவே வந்துவிட்டன. உங்கள் வலைப்பதிவில் படம் போடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு படைப்பிலிருந்து தொடங்க வேண்டுமென்றால்?

ரீட்டாவின் ‘உன்னை அறிந்துகொள்’. அப்புறம் ஃபெர்லோவின் கிளைகள். இரண்டும் பிடித்திருந்தால் ஃப்ரெடிக்குப் போங்கள். அவரோடு தொடங்கினால் பலர் வழக்கு, சிறை, பறிமுதல் என்ற கதையிலேயே நின்றுவிடுகிறார்கள், படத்தைப் பார்ப்பதே இல்லை.